வாசகர் கேள்வி – பதில்: ஓட்டக்காரரைத் துரத்தும் கார்ட்டூன்

சென்ற இதழில், அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் மேத்யூ இன்மன் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி வரைந்த நகைச்சுவை நூலை ஒரு சிறு குறிப்பில் அறிமுகப்படுத்தியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறோம்.

ஓடுவதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த நூலின் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?
— வாசகர், திருச்சி

சில மாதங்கள் தொடர்ந்து ஓடிப் பார்த்தவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கால் நகம் கறுத்துப்போய்க் கழன்று விழுவது, வயிறு கலங்கும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கழிப்பறை இல்லாமல் போவது, இருபது கிலோமீட்டர் ஓடிய களைப்பை ஒரே சாப்பாட்டில் ஈடுகட்டிவிட்டு மறுபடியும் பசிப்பது என்று ஓட்டக்காரரின் வாழ்க்கை முழுவதும் வெளியே சொல்லக் கூசும் சங்கதிகளால் நிறைந்திருக்கிறது. இன்மன் அவற்றையெல்லாம் கூச்சமில்லாமல் வரைந்துவிட்டார்.

இன்மன் சியாட்டிலில் வாழ்ந்து வரைந்தவர். 2009 இல் ‘தி ஓட்மீல்’ என்ற பெயரில் இணையத்தில் கார்ட்டூன்களை வெளியிடத் தொடங்கினார். 2013 இல் தம்முடைய ஓட்டப் பழக்கத்தைப் பற்றிப் பல பகுதிகள் கொண்ட ஒரு சித்திரத் தொடரை வரைந்தார். அதை மேலும் விரித்து, 2014 செப்டம்பர் இறுதியில் ஆண்ட்ரூஸ் மெக்மீல் பதிப்பகம் ‘த டெரிபிள் அண்ட் ஒண்டர்ஃபுல் ரீசன்ஸ் ஒய் ஐ ரன் லாங் டிஸ்டன்ஸஸ்’ என்ற நூலாகக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சித்திரக்கதை உலகில் பெரிதாக மதிக்கப்படும் ஐஸ்னர் விருதும், இணையச் சித்திரப் பிரிவில், அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்தது.

நூலில் இரண்டு பாத்திரங்கள் முக்கியமானவை. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் இன்மன். மற்றொன்று, சின்னஞ்சிறு சிறகுகளோடு அவருக்குப் பின்னால் பறந்து வரும் பிளெர்ச் என்ற கொழுத்த குழந்தையுருவம். ஓட்டம் தொடங்கிய கணத்திலிருந்து அது பேசிக்கொண்டே வருகிறது: கொஞ்சம் மெதுவாகப் போகலாமே, நடந்தால்தான் என்ன, வீட்டில் சோபா இருக்கிறது, கேக் இருக்கிறது, நாளைக்கு ஓடிக்கொள்ளலாம். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்று சொல்லும் அந்தப் பெரிய தடையில் தமக்கு நம்பிக்கை கிடையாது, பிளெர்ச்சில்தான் நம்பிக்கை என்கிறார் இன்மன். அந்தக் குரலைப் பின்தள்ளிவிட்டு ஓடுவது ஒருநாளோடு முடிகிற வேலையன்று. ஒவ்வொரு காலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியது. நூலின் மொத்தக் கதையும் அதுதான்.

ஓய்வு பெற்றபின் கடற்கரையில் ஓடப் பழகிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி நூல்கள் சிலவற்றை வாசித்திருக்கிறேன். அவற்றில் கிடைக்காத எதை ஒரு கார்ட்டூன் புத்தகம் எனக்குத் தந்துவிடப் போகிறது?
— வாசகி, சென்னை

பயிற்சி நூல்களைக் கைவிட வேண்டாம். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எப்போது ஓய்வு, எவ்வளவு தண்ணீர் என்பவற்றை அவைதான் சொல்ல முடியும். நீங்கள் குறிப்பிடும் வயதில் மருத்துவரின் ஒப்புதலும் தேவை. ஆனால், அந்த நூல்கள் பெரும்பாலும் உடலோடு பேசுகின்றன. ஓடப் போகிறவரின் உண்மையான வழக்கு விடியற்காலையில் படுக்கையிலேயே தொடங்கிவிடுகிறது; அங்கே வாதியும் பிரதிவாதியும் அவரேதான். இந்த வழக்கை அட்டவணை போட்டுத் தீர்க்க முடியாது.

‘சுவர்’ என்ற தடையையே எடுத்துக்கொள்வோம். மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். தசைகளிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சுமார் 2,000 கலோரி அளவுக்கே வரும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மாரத்தான் முழுவதற்கும் 2,500 கலோரிக்கு மேல் வேண்டும். கொழுப்பும் எரிகிறது என்றாலும் அது மெதுவாகத்தான் எரியும். ஆகவே, வழியில் எதுவும் உண்ணாமல் வேகமாக ஓடுகிறவருக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கல்லாகிவிடுகின்றன. இது உடலியல், இதை எல்லாப் பயிற்சி நூல்களும் சரியாகவே விளக்குகின்றன. ஆனால், போதும் என்ற குரல் முப்பதாவது கிலோமீட்டர்வரை காத்திருப்பதில்லை. சேமிப்பில் ஒரு துளிகூடக் குறையாத நிலையில், வாசற்படியில் காலணியின் கயிற்றைக் கட்டும்போதே அது வந்துவிடுகிறது. இந்தக் குரல் எனக்கு மட்டுந்தான் கேட்கிறது, என்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துத்தான் புதிதாக ஓட வருகிறவர்களில் பலர் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

கார்ட்டூன் செய்யும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே ஒலித்த குரலை வெளியே எடுத்து, அதற்கு உடலும் சிறகும் கொடுத்து, ஓடுகிறவரிடமிருந்து பத்தடி தள்ளி நிறுத்திவிடுகிறது. பத்தடி தள்ளி நிற்கும் ஒன்றைப் பார்த்துச் சிரிக்க முடியும், திட்ட முடியும், அதை முந்திக்கொண்டும் போக முடியும். ‘மன உறுதி வேண்டும்’ என்று ஒரு பத்தி எழுதினால் அந்த உறுதி தமக்கில்லையே என்று வாசகர் குன்றிப்போகிறார்; அதையே கார்ட்டூனாக வரைந்தால், இது எல்லாருக்கும் உள்ளதுதானே என்று அவர் சிரித்துவிட்டு எழுந்து ஓடுகிறார்.

சித்திரக்கதையின் வடிவமும் இதற்குத் துணை செய்கிறது. ஓட்டம் என்பது ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்வது. உரைநடையில் அதைச் சொல்லப் புகுந்தால் சலிப்புத் தட்டும். அடுத்தடுத்த கட்டங்களில் அதே மனிதர், அதே சாலை, முகத்தில் மட்டும் ஒரு சிறு மாற்றம் என்று வரைந்தால் அந்தச் சலிப்பே வேடிக்கையாகிவிடுகிறது. அடுத்து என்ன என்பதைப் பக்கத்தைப் புரட்டும்வரை மறைத்து வைக்கும் வசதியும் அச்சு நூலுக்கு உண்டு. இன்மன் கோடுகளில் நுணுக்கம் காட்டுகிற ஓவியர் அல்லர். அவருடைய மனிதர்கள் மாவுருண்டைகளைப் போன்றவர்கள். நேரத்தைக் கையாளுவதில்தான் அவருடைய தேர்ச்சி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நூலின் பிற்பகுதி சிரிப்பைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டு, நெடுநேரம் ஓடிய பிறகு மனத்தில் உண்டாகும் அமைதியைப் பற்றிப் பேசுகிறது. இந்த நிலைக்கு, உடலில் சுரந்து வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். உடலே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் என்ற வேறு வேதிப்பொருள்களுக்கு அதில் பெரும்பங்கு இருக்கலாம் என்று, எலிகளிடம் செய்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காரணம் எதுவாயினும், அந்த அமைதியைக் கார்ட்டூனில் காட்டத் துணிந்ததற்காகவே இன்மனை நான் மதிக்கிறேன்.

புத்தக வணிகர்கள் கூடும் பெரிய சந்தைகளில் இதுபோன்ற வேடிக்கைப் புத்தகங்களை முன்வைப்பது சரிதானா? கனமான இலக்கியத்துக்குரிய இடத்தை இவை பிடித்துக்கொள்வதாகத் தோன்றுகிறது.
— வாசகர், கோவை

அமெரிக்காவில் ‘புக் எக்ஸ்போ’ என்று அறியப்பட்ட சந்தை 1947 இல் புத்தகக் கடைக்காரர்களின் மாநாடாகத் தொடங்கியது. பதிப்பகங்கள் வரவிருக்கும் நூல்களைக் கடைக்காரர்களுக்கும் நூலகர்களுக்கும் காட்டி, முன்படிகளைக் கொடுத்து, எழுத்தாளர்களை நேரில் சந்திக்க வைத்த இடம் அது. கோடையின் தொடக்கத்தில் நடந்ததால் இலையுதிர்காலத்தில் வரப்போகும் நூல்களுக்கே அங்கே முதன்மை இருந்தது. 2014 இல் நியூயார்க்கின் ஜேவிட்ஸ் மையத்தில் மே இறுதியில் அது நடந்தபோது, பொதுவாசகர்களுக்காக ‘புக் கான்’ என்ற தனி நாளையும் முதன்முறையாகச் சேர்த்தார்கள். பெருந்தொற்றால் 2020 இன் சந்தை நின்றுபோனது. அந்த ஆண்டின் இறுதியில் அதை நடத்திய நிறுவனம் இரண்டையும் கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

இத்தகைய சந்தையில் ஒரு கடைக்காரர் ஓர் அரங்கின் முன் நிற்பது ஓரிரு நிமிடங்கள்தாம். நாவலின் முதல் அத்தியாயத்தை அங்கே நின்று வாசிக்க முடியாது. கார்ட்டூன் தொகுப்பை எங்கே திறந்தாலும் ஒரு பக்கம் முழுமையாகக் கிடைக்கிறது. அவர் சிரித்துவிட்டால் பேரம் பாதி முடிந்தது. இதைப் பதிப்பகங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. குறிப்பாக ஆண்ட்ரூஸ் மெக்மீல் நிறுவனம், 1970 இல் கான்சஸ் சிட்டியை மையமாகக் கொண்டு பத்திரிகைகளுக்குச் சித்திரத் தொடர்களை வழங்கத் தொடங்கிய குழுமத்தின் பதிப்புக் கிளை. ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’, ‘த ஃபார் சைட்’ தொகுப்புகளை வெளியிட்டுப் பழுத்த நிறுவனம். வேடிக்கைப் புத்தகத்தின் வருவாய்தான் பல கடைகளில் கவிதை நூலுக்கு அலமாரி வாடகை கட்டுகிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால், வருவாய்க்காக மட்டும் இந்நூலுக்கு நான் வாதாடவில்லை. மனிதர் தம்மோடு தாமே நடத்தும் போராட்டத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஒரு நூல் கனமான நூல்தான். அது படமாக இருப்பதால் எடை குறைந்துவிடாது.

பிளெர்ச்சைக் கொழுத்த உருவமாக வரைந்திருப்பது பருமனான உடல் கொண்டவர்களை இழிவுபடுத்துவதாகாதா? சிறுவயதிலிருந்து கேலிக்கு ஆளான எனக்கு உங்கள் குறிப்போடு வந்த விளக்கமே வருத்தம் தந்தது.
— வாசகி, தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டு இந்நூலைப் பாராட்டுவது எனக்கு முறையாகப் படவில்லை.

இன்மனின் தரப்பில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் பிறரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிளெர்ச் அவருடைய சொந்தப் பெருந்தீனி ஆசைக்கும் சோம்பலுக்கும் கொடுக்கப்பட்ட உருவம். சிறுவயதில் தாம் பருமனாக இருந்ததை அவர் மறைப்பதில்லை. தாம் ஓடுவதன் நோக்கங்களுள் ஒன்று விரும்பியதைச் சாப்பிடுவது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். அவர் தம்மை வரைந்துகொள்ளும் உருவமும் ஒல்லியானதன்று. ஓடினால் அழகாகலாம், பிறர் பார்க்க வேண்டிய உடம்பைப் பெறலாம் என்று ஆசை காட்டும் விளம்பர உலகத்தை நூலில் அவர் கடுமையாகவே சாடுகிறார்.

இத்தனைக்குப் பிறகும், சோம்பலைக் காட்ட வேண்டுமென்றால் பருமனான உடலை வரைந்துவிடுவது கார்ட்டூன் உலகின் பழைய குறுக்குவழி. இன்மனும் அதே வழியில்தான் போயிருக்கிறார். உடல் பருமனுக்கும் சோம்பலுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை எந்த மாரத்தானின் கடைசி ஒரு மணி நேரத்திலும் நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். பருமனான உடலோடு ஆறு மணி நேரம் ஓடி முடிப்பவர், மூன்று மணி நேரத்தில் முடிப்பவரைவிட இருமடங்கு நேரம் அந்தக் குரலைக் கேட்டுத் தாங்கியவர். பிளெர்ச்சுக்கு வேறோர் உருவம் கிடைத்திருந்தால் நூல் இன்னும் பெரிதாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் அதை வாசிக்க விரும்பாவிட்டால் அதில் தவறேதும் இல்லை.

ஜப்பானில் ராட்சதக் குளவிகள் அவரைத் துரத்தியதாக நூலில் வருகிறதாமே, அப்படியும் குளவிகள் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

உண்டு. ஆசிய ராட்சதக் குளவி ஜப்பானின் மலைக்காடுகளில் வாழ்கிறது. வேலைக்காரக் குளவியே நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ராணி அதைவிடப் பெரியது. கொட்டும்போது செலுத்தும் நஞ்சு நரம்பையும் திசுக்களையும் தாக்கும். ஜப்பானில் குளவி கொட்டி ஆண்டுதோறும் உயிரிழப்புகள் நேர்கின்றன. மலைப்பாதை ஒன்றில் தண்ணீரும் தீர்ந்து, வழியும் தவறி, குளவிகளுக்கு அஞ்சி ஓடியதையும், இறுதியில் ஒரு தானியங்கி விற்பனைப் பெட்டியில் கிடைத்த ஊதா நிறப் பானம் தமக்கு அமிர்தமாக இருந்ததையும் இன்மன் வரைந்திருக்கும் பகுதிதான் நூலில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

இந்தக் குளவிக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் வேறொரு தொடர்பும் இருக்கிறது. வளர்ந்த குளவிகளால் திடவுணவை விழுங்க முடியாது. அவை இரையை மென்று தங்கள் புழுக்களுக்கு ஊட்டுகின்றன. புழுக்கள் சுரக்கும் அமினோ அமிலத் திரவத்தைக் குடித்துத்தான் நாள்முழுவதும் பறக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தத் திரவத்தின் கலவையைக் கண்டறிந்தார்கள். அதைப் பின்பற்றிச் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பானம் ‘வாம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தானை 2 மணி 23 நிமிடம் 14 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற நவோகோ தகாஹாஷி அதைப் பயன்படுத்தியதாகச் செய்தி பரவியதும் அது பெரும்புகழ் பெற்றது. தகாஹாஷியின் வெற்றிக்குக் காரணம் அவருடைய கடும்பயிற்சிதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கார்ட்டூனின் பெயரிலேயே ஓட்டப் பந்தயம் நடந்தது உண்மையா?
— வாசகர், சேலம்

உண்மைதான். நூல் வெளிவந்த அதே செப்டம்பரில், சியாட்டிலுக்குக் கிழக்கேயுள்ள கார்னேஷன் என்ற சிற்றூரில் ‘பீட் த பிளெர்ச்’ என்ற பந்தயத்தை இன்மன் தொடங்கினார். பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான், முழு மாரத்தான் ஆகிய மூன்று பிரிவுகள் இருந்தன. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் கேக்கும் ஊதா நிறப் பானமும் வைத்திருந்தார்கள். களைத்தவர்கள் அமரச் சோபாவும் போட்டிருந்தார்கள். பிளெர்ச் வேடமணிந்தவர்கள் ஓடுகிறவர்களின் மனத்தைக் கலைக்க முயன்றார்கள். காகிதத்தில் இருந்த சோதனை அப்படியே சாலைக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டு வயது மகனுக்கு வாங்கித் தரலாமா?
— வாசகி, ஈரோடு

வேண்டாம். சொற்கள் பல இடங்களில் கொச்சையானவை. நீங்கள் முதலில் வாசித்துவிட்டு, அவன் கல்லூரிக்குப் போகும் வயதில் கொடுங்கள்.

ஓட்டத்தைக் கார்ட்டூனில் கொண்டுவந்தவர்களில் இவர்தான் முதல்வரா?
— வாசகர், புதுச்சேரி

இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்ற பிறகு அமெரிக்காவில் சாதாரண மக்களும் தெருவில் ஓட ஆரம்பித்தார்கள். 1970 இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்குள் 127 பேரோடு தொடங்கிய மாரத்தான், 1976 இல் நகரின் ஐந்து பகுதிகளையும் கடந்து ஓடும் பெரும்பந்தயமாக வளர்ந்தது. ஒரு பழக்கம் ஊரெல்லாம் பரவினால் கார்ட்டூனிஸ்டின் கண்ணிலிருந்து அது தப்பாது. சார்லஸ் ஷூல்ஸின் ‘பீனட்ஸ்’ தொடரில் ஸ்னூப்பி ஓடும்போது அதன் கால்களும் மற்ற உறுப்புகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு முறையிடும் கட்டங்கள் உண்டு. உறுப்புகளைப் பேச வைத்தது ஷூல்ஸின் வழி; அந்தப் பேச்சை உடலுக்கு வெளியே பறக்கவிட்டது இன்மனின் வழி. ஷூல்ஸ் நான்கு கட்டங்களில் முடித்துவிடுவதை இன்மன் நாற்பது பக்கங்களுக்கு நீட்டுகிறார் என்ற குறையும் உண்டு. சில பகுதிகளைப் பாதியாகச் சுருக்கியிருக்கலாம்.

நான் மாரத்தான் ஓடுகிறேன், ஓரளவு வரையவும் தெரியும். தமிழில் இதுபோல ஒரு நூல் செய்ய முடியுமா?
— வாசகர், மதுரை

தாராளமாக முடியும். நகைச்சுவைச் சித்திரத்தில் நமக்கு நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள். ‘ஆனந்த விகட’னில் மாலியும் கோபுலுவும் அமைத்த பாதையில், மதன் ‘ரெட்டைவால் ரெங்குடு’, ‘சிரிப்புத் திருடன் சிங்காரவேலு’ போன்ற பாத்திரங்களை வீட்டுப் பிள்ளைகளைப்போல நமக்குப் பழக்கிவிட்டார். பெரும்பாலும் ஒரு பக்கத்திலோ ஒரு கட்டத்திலோ முடியும் சிரிப்புகள் அவை. தம் சொந்தப் பழக்கம் ஒன்றையே எடுத்துக்கொண்டு நூல் முழுவதும் தன்மையில் சொல்லிச் செல்லும் சித்திரநூல் வேறு வகை. அதற்குத் தமிழில் நிறைய இடம் காலியாக இருக்கிறது. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியின் அரங்குகளில் அப்படிப்பட்ட நூல்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காண எனக்கு மிகுந்த ஆவல்.

இன்மனின் பிளெர்ச்சைக் கடன் வாங்காதீர்கள். உங்களை நிறுத்தப் பார்க்கும் குரல் எது என்பதை நீங்களே கேட்டுக் கண்டுபிடியுங்கள். மதுரையில் விடியற்காலையில் ஓடுகிறவரிடம் கேக்கும் சோபாவும் பேசாது. தெருநாய்கள் பேசும், டீக்கடை பேசும், ‘இந்த வயசுல எதுக்குப்பா இந்த ஓட்டம்?’ என்று கேட்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவார், ஏழு மணிக்கே முதுகில் ஏறிக்கொள்ளும் வெயில் பேசும். ஓடி முடித்து வியர்வை காய்வதற்குள் அன்றைய ஒரு காட்சியை நான்கு கட்டங்களில் கிறுக்கி வைத்துவிடுங்கள். மறுநாள் நினைவில் வலி மறைந்து பெருமை மட்டும் மிஞ்சிவிடும், பெருமையில் சிரிப்பு வராது. கணினி எழுத்துருவைத் தவிர்த்து வசனங்களைக் கையாலேயே எழுதுங்கள். நம் எழுத்துகள் அகலமானவை என்பதால், முதலில் வசனத்தை எழுதி அதைச் சுற்றிக் குமிழை வரைந்துகொண்டு, மிச்சமிருக்கும் இடத்தில் ஆளை ஓடவிடுங்கள்.